சித்திரபுரத்து வைஃபை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மூணாற்றுக்கு அருகே, பள்ளிவாசல் ஊராட்சியின் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்த சித்திரபுரத்தில், ஹோம்ஸ்டேக்களும் விடுதிகளும் பெருகியதோடு, கம்பிவழி வரும் இணையத்தை வானலையாக மாற்றித் தரும் வைஃபை அணுகுமுனைகளும் பெருகியுள்ளன. ஆளரவம் குறைந்த மலையில் அந்த அலையை யார் வந்து பிடிக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கை இத்தகைய ஊர்களில் எளிதில் வேரூன்றுகிறது. உண்மையோ இதற்கு நேர்மாறானது. நகரத்தில் அடுத்தடுத்த கட்டடச் சுவர்கள் அலையை மட்டுப்படுத்திவிட, பள்ளத்தாக்கை நோக்கிய மாடியில் வைத்த கருவிக்கும் எதிர்ச்சரிவுக்கும் இடையே காற்றைத் தவிர வேறு தடை இருப்பதில்லை. 2007இல் வெனிசுவேலாவில் இரு மலையுச்சிகளுக்கு இடையே 382 கி.மீ. தொலைவுக்கு வைஃபை இணைப்பு நிறுவப்பட்டது. அதற்கு இருமுனையிலும் பெரிய ஆன்டெனாக்கள் தேவைப்பட்டன. விடுதி ரூட்டரை எட்ட எதிர்மேட்டில் ஒரு சிறிய திசை ஆன்டெனா போதும்.

திருட்டு இணைப்பால் டேட்டாதானே வீணாகும் என்போர் 2008ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த அமெரிக்கர் ஒருவரின் வைஃபை வழியே சென்றிருந்தமையால், இணைப்பின் எண் முகவரியைப் பின்தொடர்ந்த விசாரணை முதலில் அவர் வாசலில்தான் போய் நின்றது. செப்டம்பரில் தில்லி குண்டுவெடிப்பின்போதும் மும்பை செம்பூரிலிருந்த ஒரு நிறுவனத்தின் வைஃபை அவ்வாறே பயன்படுத்தப்பட்டது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு குறித்து இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் வழங்கியதன் பின்னணி இதுவே.

இணைப்பின் பெயரை மறைத்துவைத்தால் போதும் என்பது மற்றொரு நம்பிக்கை. மறைத்த பெயரை, இணைய முயலும் கைப்பேசியே வானில் உரக்கச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் உரிய மேக் முகவரியைப் பட்டியலிட்டுப் பிறரைத் தடுக்கும் வடிகட்டியும் அத்தகையதே. அம்முகவரி குறியாக்கம் இன்றிச் செல்வதால், அதைக் கேட்டு நகலெடுப்பது கடினமன்று.

கடவுச்சொல் இருக்கிறதே என்னும் நிறைவுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2004 முதல் வழக்கிலுள்ள டபிள்யூபிஏ2 முறையில், கைப்பேசி இணையும் கணத்தில் அதற்கும் ரூட்டருக்கும் இடையே நிகழும் கைகுலுக்கல் எனப்படும் தகவல் பரிமாற்றத்தை ஒருவர் பதிவு செய்துகொண்டால், வீட்டில் அமர்ந்து, ரூட்டரைத் தொடாமலேயே கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். ஒவ்வொரு ஊகத்துக்கும் 4,096 சுற்றுக் கணக்கு வைத்து இம்முறை வேகத்தைக் குறைக்க முயன்றாலும், இன்றைய உயர்தர கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சோதித்துவிடும். எட்டு இலக்க எண்ணில் உள்ள வாய்ப்புகள் பத்துக் கோடியே ஆதலால் அது இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. விடுதிகள் விரும்பி வைக்கும் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணோ, 6 முதல் 9 வரையிலான இலக்கங்களிலேயே தொடங்கும் என்பதால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் வீழ்ந்துவிடும். அதுவும் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருந்தால் கணிப்பொறிக்கும் வேலையில்லை. தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்த நீளமான தொடரே இங்கு உதவும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த வீட்டுச் சோதனைக்கே வழியில்லாதவாறு அமைக்கப்பட்டிருப்பதால், புதுக் கருவி வாங்குவோர் அதையே கேட்டு வாங்குவது தகும்.

பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்கப் பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி பாதுகாப்பானது என்பதும் தவறு: ரூட்டர் அந்த எண்ணை இரு பாதிகளாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011லேயே வெளிப்பட்டது. அதை அணைத்துவிடலாம்.

விருந்தினருக்கும் வீட்டாருக்கும் ஒரே இணைப்பு போதுமென எண்ணுவோர், சிசிடிவி கேமராவும் பில் போடும் கணினியும் முன்பின் அறியாதவரின் கைப்பேசியோடு ஒரே வலையில் இருப்பதைக் கவனிப்பதில்லை. பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினர் வலை என ஒரு தனிப்பிரிவு உள்ளது. அமைப்புப் பக்கத்தில் அதை இயக்க ஐந்து நிமிடம் ஆகும். அங்கே நுழையும்போதே தொழிற்சாலையில் வைத்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவது நல்லது.