சாசனங் கற்பிக்குஞ் சரித்திரம்

சரித்திரமாவது அரசர் பெயரையும் ஆண்டையும் நெட்டுருப் பண்ணுதல் என்றே மாணாக்கர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்திற்கு ஆசிரியர்களாகிய நாமே காரணர். இடைக்காலச் சாசனங்கள் இன்றைய பொதுக் காரியங்களுக்குஞ் சான்றாதலை ஈண்டு விளக்குவாம்.

பொலன்னறுவையிலே சோழராட்சிக் காலத்தெழுந்த வானவன்மாதேவி யீச்சரம் என்னுஞ் சிவாலயம் இன்றுங் கற்றளியாய் நிற்கின்றது. 1070ஆம் ஆண்டிலே சோழரை அந்நகரினின்றும் அகற்றியவன் முதலாம் விசயபாகு. அவன் காலத்தெழுந்த தந்ததாதுக் கோயிலைக் காப்பேமென்று வேளைக்காரப் படையார் உறுதிகூறிய சாசனமும் அந்நகரிலேயே உளது. அதன் பாஷை தமிழ். சோழப்படை விகாரங்களைக் கொள்ளையிட்டமையைச் சூளவமிசங் கூறும். அதனை மறைத்தல் குற்றம். கொள்ளையை மாத்திரம் படிப்பித்து இக்காவலைப் படிப்பியாது விடுதலும் குற்றமே. பாதிச் சரித்திரம் பகைமைக்கு வித்தாம்.

இனிக் காலியிற் கண்டெடுத்த கல்லை நோக்குவாம். சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று பாஷைகளில் 1409ஆம் ஆண்டைக் குறித்துப் பொறிக்கப்பெற்ற அக்கல், தெனவரை நாயனாருக்குச் சீனப் பேரரசர் அளித்த காணிக்கைகளைத் தமிழிற் சொல்லுகின்றது. அத்துணைச் சிறப்புடைய கல் 1911ஆம் ஆண்டிலே ஒரு மதகின் மூடுகல்லாய்க் கிடந்து வெளிப்பட்டது. இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் உளது. எழுத்தின் அருமை அறியாதார் கையிற் சாசனமும் வெறுங்கல்லேயாம்.

இத்தகைய சின்னங்களைக் காத்தற்பொருட்டு 1890ஆம் ஆண்டிலே தொல்பொருட் பகுதி தாபிக்கப்பட்டது. 1940இலே தொல்பொருட் சட்டமும் பிறந்தது. எனினும், சட்டம் ஒவ்வோர் ஆலய வாயிலிலும் நின்று காவல் செய்யமாட்டாது. திருப்பணி என்னும் பெயராலே பழங்கல்லைப் பெயர்த்து அத்திவாரத்தில் இடுதலும், எழுத்தின்மேற் சீமெந்து பூசுதலும் நம்மவர் செயலுமாம் அன்றோ? பிறர் அழித்தனர் என்று முறையிடுவார்க்குத் தாம் அழியாதிருத்தல் முதற்கடன்.

ஆதலால், ஆசிரியர்கள் மேல்வகுப்பு மாணாக்கரைப் பழைய ஆலயங்களுக்கு அழைத்துச் செல்க. எழுத்துள்ள கற்களின் இடமும் நீள அகலமுங் குறிப்பிக்க, படம் எடுப்பிக்க. எழுத்தைச் சுரண்டவுஞ் சுண்ணாம்பால் நிரப்பவும் விடற்க. திருப்பணி தொடங்குமுன் தருமகர்த்தாக்களுக்கு எடுத்துச்சொல்லித் தொல்பொருட் பகுதியாருக்கும் அறிவிப்பிக்க. குறிப்பின் ஒரு பிரதி ஆலயத்திலும் மற்றொன்று பாடசாலையிலும் இருத்தல் வேண்டும்.

நாளைக்கு ஒரு நிலத்தைக் குறித்தோ ஆலயத்தைக் குறித்தோ "சான்று யாது?" என்னும் வினா எழும்போது கல்லே பேசும், கல் சிதைந்தவிடத்து மாணாக்கர் எழுதிவைத்த குறிப்புப் பேசும். இரண்டும் இல்லாதார் வழக்கு அம்பலம் ஏறாது.