கார்ன்வால் கடற்கரை முதல் கோலார் வரை

கே.ஜி.எஃப்.னு சொன்னவுடனே நம்மில் பலருக்கு ராக்கி பாய் ஞாபகம் வருவார். 'தங்கலான்' பார்த்தவர்களுக்கு வேறு முகங்கள் ஞாபகம் வரும். ஆனா நண்பர்களே, கிருஷ்ணகிரி, குப்பம் தாண்டினால் வந்துவிடுகிற அந்த ஊருக்குப் பின்னால் சினிமாவில் வராத ஒரு பொறியியல் வரலாறு இருக்கு. அது தொடங்குவது இங்கிலாந்துக் கடற்கரையில்.

கடலுக்கு அடியில்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால். அங்கே பென்டீன் என்ற சிறு கிராமத்தை ஒட்டி லெவன்ட் சுரங்கம். செம்பும் வெள்ளீயமும் தேடி கடலுக்கு அடியிலேயே ஒரு மைலுக்கு மேல் தோண்டிப் போனார்கள். 1919 அக்டோபர் 20 அன்று, ஆட்களை ஏற்றி இறக்கும் இயந்திரம் உடைந்து 31 பேர் இறந்தார்கள். 1930-ல் சுரங்கம் மூடப்பட்டது.

அதற்கு வெகு முன்னாடியே, 1860-களில் செம்பு விலை சரிந்தபோது, கார்ன்வால் தொழிலாளர்கள் பிழைப்புக்காக உலகெங்கும் கிளம்பிவிட்டார்கள். அதில் சிலர் வந்து சேர்ந்த இடம்தான் கோலார்.

தோண்டியது யார்?

கோலாரில் ஊர் மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதை 1802-ல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி கவனித்தார். 1870-களில் மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்த பிறகுதான் வேலை சூடு பிடித்தது. மேற்பார்வைக்குக் கார்ன்வால்காரர்கள். தோண்டியதோ சேலம், வட ஆற்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து போன தொழிலாளர்கள். பெரும்பாலும் தலித் மக்கள். நம்ம தருமபுரி அப்போ சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனதே 1965-ல். கைரேகை எடுத்துப் பதிவு செய்வோம் என்று நிர்வாகம் சொன்னபோது, "நாங்க என்ன குற்றவாளிகளா?" என்று 1930-ல் அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ஆழத்தின் சவால்

டிரிபிள்-ஈ நண்பர்கள் கவனிங்க: 1902-லேயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பினால்தான் மனிதன் வேலை செய்ய முடியும். இன்னொரு ஆபத்து பாறை வெடிப்பு. மேலே இருக்கும் பாறையின் எடை முழுவதும், தோண்டிய வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறைமேல் அழுத்தும். தாங்க முடியாத ஒரு கணத்தில் அது குண்டு மாதிரி வெடிக்கும். அதே ஆழத்தால் ஒரு நன்மையும் கிடைத்தது: 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலில் கண்டறிந்த ஆய்வுகளில் ஒன்று இங்கேதான் நடந்தது.

மூடிய பிறகு

சுமார் 800 டன் தங்கம் எடுத்தாச்சு. தாதுவில் தங்கத்தின் அளவு குறையக் குறைய, செலவு வரவைத் தாண்டியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. மிஞ்சியது என்ன? தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு. 3 கோடி டன்னுக்கு மேல், மேடு மேடாக! காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது.

லெவன்ட்டில் பழைய நீராவி எஞ்சினைச் சரிசெய்து பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கார்ன்வால் சுரங்கப் பகுதி 2006-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. தொழில்நுட்பம் அங்கிருந்து இங்கே வந்தது. மூடிய பிறகு செய்ய வேண்டிய வேலை மட்டும் வரவில்லை.

நம் பக்கத்திலும் கிரானைட் குவாரிகள் இருக்கு. அடுத்த முறை தண்ணீர் நின்ற ஒரு பழைய குவாரிப் பள்ளத்தைப் பார்த்தால், "எவ்வளவு எடுத்தாங்க?" என்பதோடு "எடுத்து முடிச்ச பிறகு யார் பொறுப்பு?" என்றும் கேளுங்க. நாளைக்கு நாம் எழுதப்போகும் திட்ட அறிக்கைகளில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவோம்.