ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும் முன்: விருப்பப் பாடத்தை எதை வைத்துத் தேர்வது?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலிருந்து கல்லூரிக்குப் போகும் பி.எஸ்சி. கணித மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் கால் வைக்கும் ஜூன் மாதம் இது. விருப்பப் பாடத்தை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். சீனியர்களைக் கேட்டால், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் ஸ்கோரிங் பேப்பர், எண் கோட்பாட்டுப் பக்கம் போனால் அரியர் விழும் என்பார்கள். அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரு பேப்பரின் கடினத்தில் பெரும்பங்கு, அதற்கு முன் நாம் சரியாகப் படிக்காமல் கடந்து வந்தவற்றில் இருக்கிறது. ரியல் அனாலிசிஸ் பலரைத் திணறடிப்பதும் இதனால்தான்: முதலாண்டில் லிமிட்டைக் கணக்குப் போடும் வழியாக மட்டுமே பழகியவர்களிடம், மூன்றாமாண்டில் திடீரென நிரூபணம் கேட்கப்படுகிறது. எப்சிலான்-டெல்டா வரையறையைப் புத்தகம் பார்க்காமல் எழுதி, இரண்டு மூன்று சார்புகளுக்குப் பொருத்திப் பாருங்கள். தடுமாறினால், வகுப்பு சூடுபிடிப்பதற்குள் சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.

'எளிது' என்று பெயரெடுத்த ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சையே எடுத்துக்கொள்வோம். தேர்வில் அட்டவணை போட்டுப் படிப்படியாகச் செய்தால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் சிம்ப்ளெக்ஸ் முறை ஏன் உகந்த விடையில் போய் நிற்கிறது என்று புரிய லீனியர் அல்ஜீப்ரா வேண்டும். நடைமுறைக் கணக்குகளோ இன்னும் கடினம். 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதை முதன்மை நோக்கமாகக் கொண்டு எழுந்தது. அங்கே வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு நீளத்திலும் மிதப்பு ஆழத்திலும் வரும் கப்பல்களில் எதை எந்த பெர்த்தில் எப்போது கட்டுவது என்பது, பாடநூலின் நான்குக்கு நான்கு அட்டவணையில் அடங்காது. எல்லா நிலையிலும் வேகமாக உகந்த விடை தரும் முறை இவ்வகைக் கணக்குகளுக்கு இன்றுவரை கண்டறியப்படவில்லை. துறைமுகம், சரக்குப் போக்குவரத்து சார்ந்த வேலையை விரும்புபவர் இந்தப் பேப்பரை எடுக்கட்டும், மதிப்பெண்ணுக்காக அல்ல, ஆழமாகப் படிக்க. முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கும் அது உதவும். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுதப்போகிறவருக்கோ அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, குலக் கோட்பாடு ஆகியவைதான் முதலில் வேண்டும்.

அரியர் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். பிற பாடங்களில் தோற்றதால் கணிதமேதை ராமானுஜன் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார், சென்னையில் எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1912-இல் இதே கடற்கரையில், மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில், மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு ஒரு அரியரின் சுமை இன்னும் கூடுதல். அதனால் ஒரே செமஸ்டரில் கனமான விருப்பப் பாடங்கள் இரண்டை எடுக்க வேண்டாம், ஒன்று போதும். முடிவெடுக்கும் முன் பழைய வினாத்தாள்களைப் புரட்டி, முந்தைய ஆண்டுகளின் எந்தப் பகுதிகள் தேவைப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 'எங்கள் துறையில் விருப்பப் பாடத்தை ஆசிரியர்களே முடிவு செய்துவிடுகிறார்களே' என்பீர்கள். பல கல்லூரிகளில் நிலைமை அதுதான். ஆனால் பத்துப் பேர் கையெழுத்திட்டு, கால அட்டவணை உறுதியாகும் முன் துறைத்தலைவரிடம் கேட்டால், அதற்கு எடை உண்டு. அப்படியும் கிடைக்காவிட்டால், என்பிடெல் இணையவழிக் கல்வித் தளத்தில் ஜூலையில் தொடங்கும் படிப்புகளில் சேரக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டுமே உண்டு. அந்த மதிப்பெண்ணைக் கிரெடிட்டாக ஏற்பார்களா என்று கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள்.