விதை ஒன்று, கணினி எட்டு

“விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?” என்பது பழமொழி. முளைக்காது என்பதைச் சென்ற ஆண்டு நம் துறை ஆய்வகத்தில் நான் பட்டறிந்தேன்.

ஜான் ஹாலந்து 1975-இல் எழுதிய நூலால் பரவியது ஜெனடிக் அல்காரிதம் என்னும் மரபியல் முறை. விடைகளின் கூட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, நல்லனவற்றைத் தேர்ந்து, கலந்து, சிறிது மாற்றி, தலைமுறை தலைமுறையாக வளர்ப்பதே அது. எதைக் கலப்பது, எங்கே மாற்றுவது என்பவற்றைச் சமவாய்ப்பு எண்கள் முடிவு செய்யும்.

முப்பது ஊர்களைச் சுற்றிவரும் குறுகிய பாதையைத் தேட, எட்டுக் கணினிகளில் எட்டுக் கூட்டங்களை வளர்த்தேன். பத்துத் தலைமுறைக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் தன் சிறந்த விடையை அடுத்ததற்கு அனுப்பும். முடிவில் எட்டும் ஒரே விடையைத் தந்தன! ‘எட்டு முயற்சிகளும் ஒத்திருப்பதால் இம்முடிவு உறுதியானது’ என்று அறிக்கையில் எழுதியும் விட்டேன்.

படித்த பேராசிரியர், “ஏம்ப்பா, எட்டும் ஒரே தலைமுறையிலா இதைக் கண்டுபிடித்தன?” என்று மட்டும் கேட்டார். பதிவுகளைப் புரட்டினேன். முதல் தலைமுறையிலிருந்தே எட்டும் எண்ணுக்கு எண் ஒன்றாக இருந்தன. அண்டை வீட்டுக்கு அனுப்பிய பலகாரம் அவர்கள் வீட்டிலும் அதுவேதான்!

காரணம் இதுதான். கணினி தரும் சமவாய்ப்பு எண் குலுக்கி எடுத்ததன்று, கணக்கிட்டு எடுத்தது. நண்பர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஓர் எண்ணை 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 1-இல் தொடங்கினால் 8, 11, 10, 5, 12, 15 என வரும். யார் போட்டாலும் அதுவேதான். அத்தொடக்க எண்ணுக்கே விதை என்று பெயர். என் நிரலோ விதையைக் கடிகாரத்திலிருந்து, அதாவது 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளிலிருந்து எடுத்தது. ஒரே கட்டளையால் எட்டையும் ஒரே விநாடியில் கிளப்பியவன் நான்.

வெவ்வேறு நேரத்தில் கிளப்பினால் போதுமா? ஒரு மணி நேரத்தில் 3,600 விநாடிகள். அதற்குள் 71 கணினிகள் மனம்போனபடி தொடங்கினாலே, ஏதேனும் இரண்டு ஒரே விநாடியில் அமையும் வாய்ப்பு பாதியைத் தாண்டுகிறது.

விதைகள் வேறானாலும் ஆபத்து உண்டு. மேற்கண்ட கணக்கில் 8-ஐ விதையாக வைத்தால் 11, 10, 5 என்று அதே வட்டத்தில் ஓரடி தள்ளி நடக்கிறோம். மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1998-இல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டரின் வட்டமோ 6,002 இலக்கங்கள் கொண்ட எண்ணளவு நீளம். அங்கே இந்த அச்சம் பெரிதன்று. ஆனால் அதிலும் ஒரே விதைக்கு ஒரே வரிசைதான்.

ஆகவே தலைமைக் கணினியே ஒரு தாய் விதையிலிருந்து சேய் விதைகளைப் பிரித்துத் தந்து, குறித்தும் வைக்க வேண்டும். பைத்தான் மொழியின் நம்பை நிரல் தொகுப்பில் 2019-இல் வந்த 1.17 பதிப்பு முதல் இதற்கு வசதி உண்டு.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கூட்டத்தைத் தலைமைக் கணினி வைத்துக்கொண்டு, மதிப்பெண் போடும் வேலையை மட்டும் பங்கிட்டுத் தரும்போது, எந்த வேலை எந்தக் கணினிக்குப் போகும் என்பது அன்றைய வலையமைப்பின் வேகத்தைப் பொறுத்தது. மதிப்பிடுவதிலும் சமவாய்ப்பு எண் தேவைப்பட்டால், விதையைக் கணினிக்குத் தராமல் வேலையோடு கட்டி அனுப்ப வேண்டும். இல்லையேல் மறுநாள் அதே விடை வராது. பிழை எங்கே என்று தேடவும் வழியில்லை.

திருத்தியபின் எட்டும் எட்டு வழியில் தேடின. முன்னதைவிடக் குறுகிய பாதையும் கிடைத்தது. அறிக்கையில் அந்த ‘உறுதியான’ வரியை அடித்துவிட்டு, எட்டு விதைகளையும் பின்னிணைப்பில் எழுதிக் கொடுத்தேன்.