இருபதாவது சுற்றிலும் தாங்கும் பாடி

இங்கிலாந்தில், ஒரு பள்ளியின் விளையாட்டு மண்டபத்தில், ஒன்பது குளிர்காலமாக ரிமோட் கார் ஓட்டுகிறேன். வியாழன் மாலை ஆறு மணிக்கு எல்லோரும் கூடிக் கம்பளச் சுருள்களை விரிப்போம். இணைப்புகளில் டேப் ஒட்டி, ஓரத்தடைகளை அடுக்கி முடித்தால் ஏழரைக்கு முதல் ரேஸ். 1/10 அளவு டூரிங் கார்கள், ஐந்து நிமிட ஓட்டம், சுற்றுக்கு ஏறத்தாழ பதினான்கு விநாடி. முதல் இரண்டு ஆண்டுகள் என் பணமெல்லாம் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் போனது. காரை மூடும் பாடி ஷெல்லை அதன் சட்டை என்றே நினைத்திருந்தேன். அது தவறு என்பது பிறகுதான் புரிந்தது.

முதல் ஷெல்லை அழகுக்காக வாங்கினேன். அதன் அகலம் 200 மில்லிமீட்டர். எரிபொருள் எஞ்சின் கார்களுக்கானது. என்னுடைய மின்சாரக் கார் 190. சக்கரங்கள் இருபுறமும் உள்ளடங்கி நின்றன. யாராவது பக்கத்தில் இடித்தால் ஷெல்லின் கீழ்விளிம்பு மடங்கி டயருக்கு அடியில் போய்விடும். கார் அந்த இடத்திலேயே நிற்கும், இல்லாவிட்டால் புரளும். ஆகவே கடைக்குப் போகும் முன் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: அகலம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம். டூரிங் கார்களில் இந்தத் தூரம் 257 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மினி வகைக் கார்களில் 210, 225, 239 என்று மூன்று வழக்கம். சக்கர வளைவின் நடுவும் அச்சின் நடுவும் ஒன்றாக வராத ஷெல்லைக் கத்தரிக்கோலால் சரிசெய்ய முடியாது. கிளப் எந்த ஷெல்களை அனுமதிக்கிறது என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் எஃப்ரா, அமெரிக்காவில் ரோர் போன்ற அமைப்புகள் அங்கீகரித்த ஷெல்களுக்குப் பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் இல்லாததை வாங்கிப் பெயின்ட் அடித்தால் ஒரு வாரத்து உழைப்பு வீண்.

இனி வடிவம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

கிளப்பில் வேகமானவர் எந்த ஷெல் போட்டிருக்கிறாரோ அதையே வாங்குவது எல்லோருக்கும் வரும் ஆசை. மூன்றாம் ஆண்டில் நானும் அதைச் செய்தேன். முன்கண்ணாடி மூக்குக்கு அருகில் தொடங்கும் வடிவம் அது. தெருவில் ஓடும் எந்தக் காரையும் போல இராது. காரின் அறைப்பகுதி முன்னால் தள்ளி இருப்பதால் முன் சக்கரங்களின் மேல் காற்றின் அழுத்தம் கூடும், ஸ்டியரிங் கூர்மையாகும். பானட் நீண்டு, கூரை பின்னால் தள்ளி அமைந்த வடிவங்களில் பின்பக்கம் நன்றாகப் பதியும். கார் நிதானமாகத் திரும்பும். புது ஷெல்லோடு முதல் நான்கு சுற்றுகளில் அதுவரை காணாத நேரங்கள் வந்தன. ஐந்தாவது சுற்றில் சுழன்றேன். எட்டாவதில் தடையில் மோதினேன். அடுத்த மூன்று வாரங்களும் இதே கதை. டேம்பர் எண்ணெயை மாற்றினேன், ஸ்பிரிங்குகளை மாற்றினேன், எதுவும் பலிக்கவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த மூத்த ஓட்டுநர் ஒருவர் தம்முடைய பழைய ஷெல்லைக் கழற்றிக் கொடுத்தார். 2000களின் நடுவில் டூரிங் பந்தயங்களில் எங்கும் காணப்பட்ட, புரோட்டோஃபார்ம் நிறுவனத்தின் மஸ்டா 6 ஷெல் அது. முன்பக்கம் முழுவதும் ஒட்டுப்போட்டது. அதை மாட்டி ஓட்டியபோது என் வேகமான சுற்றின் நேரம் கால் விநாடி கூடிப்போனது. ஆனால் ஐந்து நிமிடமும் ஒரு முறைகூடச் சுழலவில்லை. மொத்தத்தில் ஒரு சுற்று கூடுதலாக வந்தது. ஷெல்லைத் தேர்ந்தெடுக்கும்போது உன் இரண்டாவது சுற்றைப் பார்க்காதே, இருபதாவதைப் பார் என்றார் அவர். அன்றிலிருந்து எந்தப் புது ஷெல்லையும் நான் அப்படித்தான் அளக்கிறேன். சுற்று நேரத் தாளில் கடைசி ஆறு சுற்றுகளைப் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று 0.3 விநாடிக்குள் இருந்தால் அந்த ஷெல் உங்கள் கைக்குப் பொருந்துகிறது. கையில் பழக்கம் ஏறிய பிறகு கூர்மையான வடிவத்துக்குப் போகலாம். நான் போக இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஷெல்லை மாட்டும் இடமும் வடிவத்துக்குச் சமமான விஷயம். ஒரே ஷெல்லை மூன்று மில்லிமீட்டர் முன்னே தள்ளினால் ஸ்டியரிங் கூடும். பின்னே இழுத்தால் பின்பக்கம் அமைதியாகும். ஷெல்லைத் தாங்கும் கம்பங்களுக்கு ஓட்டை போட்ட பிறகு இதைத் திருத்துவது கடினம். அதனால் பெயின்டுக்கு முன், ஷெல் கண்ணாடிபோல இருக்கும்போதே காரின் மேல் வைத்து, கம்பங்கள் எங்கே வருகின்றன என்று மார்க்கரால் புள்ளி வையுங்கள். உயரத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள். ஷெல்லின் பக்க விளிம்பு காரின் அடித்தட்டோடு சமமாக, அல்லது ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்பது எனக்கு ஒத்துவருகிறது. பிறகு காரைக் கையால் அமுக்கி, சக்கரத்தை முழுக்கத் திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

கனம் பற்றி நிறையப் பேசுவார்கள். பாலிகார்பனேட் தாளைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சி எடுப்பதுதான் ஷெல். லெக்ஸான் என்பது அதன் வணிகப் பெயர்களில் ஒன்று. தாள் 1 மில்லிமீட்டர், 0.7, அதற்கும் மெலிதாக என்று பல கனங்களில் வரும். பெயின்ட் அடித்த பின் என்னுடைய கனமான ஷெல் 120 கிராம், மெலிதானது 85. காரின் உச்சியில் இருக்கும் எடை என்பதால் இந்த 35 கிராம் திருப்பங்களில் தெரிகிறது. மெலிதான ஷெல்லைப் போட்டு, கார் எட்ட வேண்டிய குறைந்தபட்ச எடைக்குத் தேவையான ஈயத்தை அடித்தட்டில் ஒட்டினால், அதே எடை கீழே இறங்குகிறது. ஆனால் மெலிதானது சீக்கிரம் கிழியும், சீக்கிரம் மடங்கும். வாரத்துக்கு நாலைந்து முறை தடையில் மோதுகிறவர் கனமானதையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெயின்ட் உள்பக்கம்தான் அடிக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பால் உள்ளே நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஜன்னல்களை மறைத்த பிறகு தொடங்குங்கள். பாலிகார்பனேட்டுக்கென்றே விற்கும் பெயின்டை மட்டும் வாங்குங்கள்; டமியாவில் அது பிஎஸ் வரிசை. கெட்டி பிளாஸ்டிக் மாடல்களுக்கான டிஎஸ் வரிசையும் அதே மாதிரிக் குப்பியில்தான் வரும். அதை அடித்தால் பெயின்ட் உரிந்து உதிரும். அடர்ந்த நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு. ஃப்ளோரசன்ட் நிறத்துக்குப் பின்னால் வெள்ளை பூசாவிட்டால் அது மங்கிக் கிடக்கும்.

நிறத்தை ரசனைக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள். கருநீலத்தில் ஒரு ஷெல் செய்திருந்தேன். வீட்டில் பார்க்க மிக அழகு. மண்டபத்துக் குழல்விளக்கில், ஓட்டுநர்கள் நிற்கும் மேடையிலிருந்து இருபது மீட்டர் தள்ளி, சாம்பல் கம்பளத்தின் மேல் அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்றே தெரியவில்லை. இப்போது மூக்கு ஃப்ளோரசன்ட் மஞ்சள், கூரை வெள்ளை, பின்பக்கம் சிவப்பு. சுழன்று நின்றாலும் எந்தப் பக்கம் முன் என்று கண் உடனே சொல்லிவிடுகிறது.

பெயின்ட் காய்ந்ததும் முன் பம்பரின் உள்பக்கத்திலும் சக்கர வளைவுகளிலும் கண்ணாடியிழை வலைப் பட்டையை ஷூ கூ என்னும் பசையால் ஒட்டிவிடுங்கள். முதல் ரேஸுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. விரிசல் விட்ட பிறகு ஒட்டினால் பாதிப் பலன்தான். ஷெல்லின் பின்னால் பொருத்தும் இறக்கையை மட்டும் மெலிதாக வாங்காதீர்கள். அது வளைந்தால் நேர்ப்பாதையின் முடிவில் கார் அலையும்.

ஒவ்வொரு வியாழனும் காரைப் பெட்டியில் வைக்குமுன் கம்ப ஓட்டைகளைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்கிறேன். விரிசல் அங்கேதான் தொடங்கும். ஓட்டையிலிருந்து நகக்கண் அளவுக்குக் கோடு ஓடியிருந்தால் அந்த ஷெல் இனிப் பயிற்சிக்கு மட்டும். இப்போதிருக்கும் மஞ்சள் மூக்குக்காரனில் இடப்புற முன் ஓட்டையில் நேற்று ஒரு கோடு கண்டேன். அடுத்தது சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.