கேஸா, கரண்டா? உங்கள் வீட்டுக்கு எது லாபம்

ஒரு லிட்டர் தண்ணீரைக் கேஸ் அடுப்பில் கொதிக்கவைக்க ஏறத்தாழ 60 காசு ஆகிறது. அதே தண்ணீரை இண்டக்ஷன் அடுப்பில் வைத்தால் ஒரு வீட்டில் 24 காசு, அடுத்த வீட்டில் 47 காசு, எதிர்வீட்டில் 84 காசு. அடுப்பும் பாத்திரமும் ஒன்றுதான். அந்த வீடு மின் கட்டணத்தின் எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் வேறு. "இண்டக்ஷன் வாங்கினேன், பாதிச் செலவு மிச்சம்" என்று ஒருவர் சொல்வதும், "வாங்கினேன், கரண்ட் பில் எகிறிவிட்டது" என்று இன்னொருவர் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். பக்கத்து வீட்டு அனுபவத்தைக் கேட்டு அடுப்பு மாற்றுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2016 மே மாதத்திலிருந்து இந்தச் சலுகை இருக்கிறது. அதற்கு மேல், 2024 ஜூலைக் கட்டணப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த ரூ.2.35 படியே காணாமல் போய்விடும். 101-லிருந்தே ரூ.4.70 போடுவார்கள். 501 முதல் 600 வரை ரூ.8.40, அதற்கு மேல் ரூ.9.45, 800-க்கு மேல் ரூ.10.50, ஆயிரத்துக்கு மேல் ரூ.11.55.

இனி சிலிண்டர். 14.2 கிலோ சிலிண்டர் 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு சென்னையில் ரூ.868.50 ஆக இருந்தது. இங்கே அந்த விலையை வைத்தே கணக்குப் போடுகிறோம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வரும். ஆனால் சுடர் பாத்திரத்தை மட்டுமா சூடாக்குகிறது? அடுப்படி முழுவதையும் சூடாக்குகிறது. நல்ல நிலையில் உள்ள பர்னரில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம்தான் பாத்திரத்துக்குள் போகும். இண்டக்ஷனில் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடாவதால் 85 சதவீதம் வரை சமையலுக்குப் போகிறது. இந்தக் கழிவையெல்லாம் கணக்கில் சேர்த்தால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷன் அடுப்பு சுமார் 140 யூனிட்டில் முடித்துவிடும்.

இந்த 140 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சிலிண்டர் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதை 140-ஆல் வகுத்துப் பாருங்கள். 868.50-ஐ வகுத்தால் ரூ.6.20 வருகிறது. நீங்கள் கூடுதலாகச் செலவழிக்கப்போகும் யூனிட்டின் விலை இதற்குக் கீழே இருந்தால் கரண்ட் லாபம், மேலே போனால் கேஸ் லாபம். மாடிக்குத் தூக்கி வந்து தருபவருக்கு ஒவ்வொரு முறையும் 50 ரூபாய் கொடுக்கிறவர்கள் அதையும் விலையோடு சேர்த்து வகுக்க வேண்டும். அவர்களுக்கு எல்லைக்கோடு ரூ.6.56.

கவனிக்க வேண்டியது, பில்லின் சராசரி விலையை இங்கே பார்க்கக் கூடாது. "400 யூனிட்டுக்கு ரூ.1,175 கட்டுகிறேன், அப்படியானால் யூனிட் 3 ரூபாய்கூட இல்லையே" என்று கணக்குப் போடுபவர்கள் பலர். சமையலைக் கரண்டுக்கு மாற்றினால் சேரும் யூனிட்டுகள் பில்லின் உச்சியில்தான் போய் உட்காரும். இலவச 100 யூனிட்டும், ரூ.2.35 யூனிட்டும் ஏற்கெனவே விளக்குக்கும் ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் செலவாகிவிட்டன.

இரண்டு குடும்பங்களை வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் நான்கு பேர், இரண்டிலும் ஒரு சிலிண்டர் 40 நாள் வருகிறது. அதாவது இரண்டு மாதத்துக்கு ஒன்றரை சிலிண்டர், ரூ.1,302. கரண்டில் சமைத்தால் அது 210 யூனிட்.

முதல் குடும்பம் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் செலவழிக்கிறது. இரண்டு ஃபேன், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், டி.வி. அவ்வளவுதான். முழுச் சமையலையும் இண்டக்ஷனுக்கு மாற்றினால் 390 யூனிட் ஆகும். முதல் 20 யூனிட் ரூ.2.35 விலையிலும், மீதி 190 யூனிட் ரூ.4.70 விலையிலும் விழுகின்றன. கூடுதல் பில் ரூ.940. ஒவ்வொரு பில்லிலும் ரூ.362 மிச்சம்.

இரண்டாவது குடும்பத்தில் வாஷிங் மெஷின், பெரிய ஃபிரிட்ஜ், மூன்று அறைகளிலும் ஃபேன். ஏற்கெனவே 380 யூனிட், பில் ரூ.1,081. இவர்கள் முழுதாக மாறினால் 590 யூனிட் ஆகி, பில் ரூ.2,796-க்குப் போகும். கூடுதலாக ரூ.1,715. மிச்சமாகும் கேஸ் ரூ.1,302-க்குத்தான். இரண்டு மாதத்துக்கு ரூ.413 கையை விட்டுப் போகிறது. கடைக்காரர் இரண்டு குடும்பத்துக்கும் அதே அடுப்பை அதே வாசகத்தைச் சொல்லித்தான் விற்றிருப்பார்.

500 என்ற எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. சரியாக 500 யூனிட் ஓடினால் பில் ரூ.1,805. ஒரு யூனிட் கூடி 501 ஆனால் ரூ.2,048.40. அந்த ஒரே யூனிட்டின் விலை ரூ.243.40. கணக்கெடுக்க வருபவர் சில நாள் தள்ளி வந்தால் என்ன ஆகும் என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஒரு நாளைக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் ஐந்து நாள் தாமதம் என்பது 40 யூனிட். 480-இல் நிற்க வேண்டியது 520 ஆனால் பில் ரூ.1,679-லிருந்து ரூ.2,208 ஆகிவிடும். எல்லைக்கு அருகே நிற்கும் வீடுகள் முப்பதாம் நாளில் மீட்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மின்னணு மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். அவற்றில் கே.டபிள்யூ.எச். என்று காட்டும் எண்ணிலிருந்து கார்டில் எழுதிய கடைசி ரீடிங்கைக் கழித்தால் இதுவரை ஓடிய யூனிட் தெரிந்துவிடும். 250-ஐ நெருங்கியிருந்தால் அடுத்த முப்பது நாளைக்கு இண்டக்ஷனை மூடிவைத்துவிட்டுக் கேஸில் சமைக்கலாம்.

இதே காரணத்தால் ஏ.சி. இருக்கும் வீட்டில் பதில் பருவத்துக்குப் பருவம் மாறும். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் கோடையின் இரண்டு மாதத்தில் அதற்கு மட்டுமே 480 யூனிட். கத்திரி வெயில் காலத்தில் அந்த வீட்டில் இண்டக்ஷனில் காபி போட்டால்கூட யூனிட் எட்டு, ஒன்பது ரூபாய்க்குத்தான் போடுகிறார்கள். மார்கழியில் அதே வீடு 300 யூனிட்டில் நிற்கலாம். அப்போது இன்னொரு 100 யூனிட்டுக்கு இண்டக்ஷனில் சமைத்தால் ரூ.470, கேஸில் ரூ.620. ஆக, இரண்டு அடுப்பும் இருக்கட்டும். கோடையில் கேஸ், மழையிலும் பனியிலும் கரண்ட்.

வாடகை வீட்டில் இருப்பவர்களில் பலருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. வீட்டுக்காரர் தனியாக ஒரு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குவது சென்னையிலும் பிற நகரங்களிலும் சகஜம். இலவச 100 யூனிட்டும் அவர்கள் கைக்கு வருவதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் யோசிக்கவே வேண்டாம், கேஸ்தான். அங்கே மின்சார கெட்டில்கூட அவசரத்துக்கு மட்டும் போதும்.

இதற்கு நேர் எதிர், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் தனித்திருக்கும் முதியவர்கள். கிராமத்து வீட்டில் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்தான் ஓடுகிறது என்றால், இலவசத்தில் இன்னும் 40 யூனிட் பாக்கி இருக்கிறது. ஒரு லிட்டர் கொதிக்க 0.1 யூனிட். எனவே 400 லிட்டர் தண்ணீரைக் காசே இல்லாமல் காய்ச்சலாம். குடிக்கும் தண்ணீர், காபி, கஞ்சி எல்லாம் அதில் அடங்கிவிடும். நேரம் குறித்து வைத்தால் அடுப்பு தானாக அணைந்துவிடுவதும், தீக்குச்சி தேடவேண்டாம் என்பதும் அவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய வசதி. பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது வாங்கிக் கொடுக்கத் தகுந்த பொருள் இது.

ஏழைக் குடும்பங்களுக்கான மத்திய அரசின் உஜ்வாலா திட்டத்தில் கேஸ் இணைப்பு பெற்றவர்களுக்குச் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. ரூ.868.50 விலையில் கையிலிருந்து போவது ரூ.568.50. 140-ஆல் வகுத்தால் 4 ரூபாய் சொச்சம். 200 யூனிட் வரை கரண்ட், அதற்கு மேல் கேஸ் என்று இவர்கள் கோடு போட்டுக்கொள்ளலாம்.

கணக்கு சாதகமாக வந்தாலும் பாத்திர அலமாரியைத் திறந்து பார்க்காமல் கடைக்குப் போகக் கூடாது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பாருங்கள். கப்பென்று ஒட்டினால் அது இண்டக்ஷனுக்கு ஆகும். இரும்புத் தோசைக்கல் ஒட்டும், ஆனால் அடி சமதளமாக இருக்க வேண்டும். குழிந்த வாணலி ஆகாது. அலுமினியக் குண்டான், செம்புப் பாத்திரம், மண்சட்டி, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு எதுவும் ஆகாது. பழைய அலுமினியக் குக்கரும் வெளியே நிற்கும். அடியில் தனி உலோகத் தகடு பதித்த குக்கரோ, காந்தம் ஒட்டும் எவர்சில்வர் குக்கரோதான் வேண்டும். எல்லாப் பாத்திரத்தையும் ஏற்கும் இன்ஃப்ராரெட் அடுப்பு இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அது முதலில் தன் கண்ணாடித் தட்டைச் சூடாக்கி, பிறகுதான் பாத்திரத்தைச் சூடாக்கும். வெப்பம் கூடுதலாக வீணாவதால் 140 என்ற கணக்கு அதற்குச் செல்லாது.

அடுத்தது பிளக். 2,000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் 5 ஆம்பியர் பிளக்கில் அதைச் சொருகினால் பிளக் உருகும், ஒயர் கருகும். 15 ஆம்பியர் பவர் பிளக் சமையல் மேடைக்கு அருகில் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி ஒயர் இழுக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்துச் சமாளிக்க நினைப்பது ஆபத்து.

அடுப்பு, குக்கர், ஒயரிங் எல்லாம் சேர்த்து ரூ.4,000 ஆனதாக வைத்துக்கொள்வோம். பில்லுக்கு ரூ.362 மிச்சம்பிடிக்கும் முதல் குடும்பத்துக்குப் போட்ட பணம் இரண்டு வருஷத்துக்குள் திரும்பிவிடும். இரண்டாவது குடும்பத்துக்கு எப்போதும் திரும்பாது.

அந்த இரண்டாவது குடும்பம் செய்யக்கூடியது வேறு. முதலில் கேஸ் அடுப்பிலேயே மிச்சம்பிடிக்கலாம். பருப்பை ஊறவைத்து, அரிசியையும் பருப்பையும் காயையும் ஒரே குக்கரில் அடுக்கிவைத்து, முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கினால் போதும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, குக்கருக்குள் 120 டிகிரி வாக்கில் நின்றுவிடும். பெரிய தீ வைத்தால் ஆவிதான் கூடுதலாக வெளியேறும், சாதம் சீக்கிரம் வேகாது. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது. பழைய பல்துலக்கியால் ஓட்டைகளைத் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடும்.

பிறகு மேலே சுற்றும் ஃபேன். சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் குறையும். ரூ.2.35 படியில் நிற்கும் வீட்டுக்கு அது வெறும் 76 ரூபாய், அதனால் பழைய ஃபேன் ஓடும்வரை ஓடட்டும். ரூ.8.40 படியில் நிற்பவர்களுக்கு 272 ரூபாய், அவர்கள் இந்த மாதமே மாற்றலாம். நம் இரண்டாவது குடும்பம் இரண்டு ஃபேனை மாற்றினால் 65 யூனிட் குறைந்து, 380 என்பது 315 ஆகும். பில்லில் ரூ.305 குறையும். 400-ஐத் தொட இன்னும் 85 யூனிட் இருக்கிறது. காலைக் காபி, வெந்நீர், குழம்பு என்று அந்த 85 யூனிட்டுக்கு மட்டும் இண்டக்ஷனில் சமைத்தால் ரூ.400 ஆகும். அதையே கேஸில் செய்தால் ரூ.527.