கத்தரி எடுக்கும் நாளை எண்ணுங்கள்

நெல்லும் வாழையும் பார்த்து வளர்ந்த தாமிரபரணிக் கரைப் பிள்ளைகள் சிலருக்குத் திராட்சை மேல் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் கன்று வாங்கும் முன் தேனி மாவட்டம் கம்பத்துக்கு பஸ் ஏறுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் மண் அது. உத்தமபாளையம், சுருளிப்பட்டிப் பக்கம் ஏதாவது ஒரு பந்தலில் கவாத்து தொடங்கி அறுவடை வரை கூலிக்கு நில்லுங்கள். ராயப்பன்பட்டி அருகே ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. சந்தேகங்களை எழுதி எடுத்துக்கொண்டு அங்கேயும் போய்வாருங்கள்.

அங்கே கற்க வேண்டிய முதல் வித்தை, நாள் எண்ணுவது. கவாத்து வெட்டியதிலிருந்து பன்னீர் பழுக்க ஏறக்குறைய நாலு மாதம். ஆடியில் வெட்டினால் கார்த்திகையில் பழுக்கும். நம் ஊரில் அது அடைமழைக் காலம்: பழம் வெடிக்கும், கொத்து அழுகும், அடிச்சாம்பல் நோய் இலையைத் தின்றுவிடும். மார்கழிக் கடைசியில் வெட்டினால் சித்திரை வெயிலில் இனிப்பு ஏறும், கோடைச் சந்தையும் கிடைக்கும். ஆனி, ஆடிக் காற்றையும் கணக்கில் வையுங்கள். கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றுகிற அந்தக் காற்றுக்கு இளந்தளிர் தாங்காது.

எந்தக் கொடியில் எத்தனை கண் விடுவது என்பது கையால் பழக வேண்டியது. முற்றிய பென்சில் கனக் கொடியில் நாலைந்து கண் விட்டு வெட்டுவார்கள். ஒல்லிக் கொடியை இன்னும் குட்டையாக. கை தப்பினால் இலை செழிக்கும், கொத்து இருக்காது.

நிலம்? ஆற்றுப் பாசன நஞ்சை வேண்டாம், வேரில் நீர் தேங்கினால் கொடி சோர்ந்துவிடும். மேட்டுச் செம்மண் புஞ்சை பாருங்கள். அதற்கும் முன், வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு கொடியைப் பந்தலில் ஏற்றி இரண்டு கவாத்து பழகுவது என் உறுதியான சிபாரிசு.

வாழைத்தாரைக் காயாக வெட்டி மூட்டம் போட்டுப் பழுக்க வைத்துப் பழகிய கை நம்முடையது. திராட்சையில் அது நடக்காது. வெட்டிய பின் ஒரு துளி இனிப்பும் ஏறாது. நிறம் கறுத்ததும் ஏமாந்துவிடாதீர்கள், நிறம் முந்தும், இனிப்பு பிந்தும். கொத்தின் அடி நுனிப் பழத்துக்குத்தான் அது கடைசியாக வந்து சேரும். அந்தப் பழத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். புளித்தால் கத்தரியைக் கீழே வையுங்கள்.